பழ ஈக்கு வலிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழ ஈக்களின் மரபணுக்களைப் பற்றிப் பேசும்போது 'வலி' என்ற இடம் வந்ததும் கைகள் உயர்ந்துவிடும். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வீட்டுப் பெரியவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

எந்த ஈ இது? மாம்பழத்துக்குள்ள புழு வைக்குமே, அதுவா?

இல்லை. மாங்காயைத் துளைத்து முட்டையிடுவது பாக்ட்ரோசெரா என்ற வேறு பேரினம். விவசாயிகள் பழ ஈ என்று சொல்வது அதைத்தான். நாம் பேசுவது கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சிவப்புக் கண் குட்டி ஈ, டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். 25 டிகிரியில் வளர்த்தால் முட்டை ஈயாவதற்குப் பத்து நாள் போதும். மரபணுக்கள் சுமார் 14,000. நூறு ஆண்டுக்கும் மேலாக ஆய்வகங்களில் வளர்வதால், ஒரு மரபணுவை மட்டும் கெடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு இதைவிட வசதியான பிராணி கிடையாது.

ஈக்கு வலிக்குமா, வலிக்காதா? சுத்தி வளைக்காம ஒரே வரியில சொல்லுங்க.

உடம்பைக் கெடுக்கும் சூட்டையும் குத்தையும் ஈ உணர்ந்து விலகுகிறது என்பது உறுதி. அந்த நேரத்தில் அதன் உள்ளே வேதனை என்று ஒன்று இருக்கிறதா என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. ஒரு வரி கேட்டீர்கள், இரண்டாகிவிட்டது. இதற்கு மேல் சுருக்கினால் பொய்யாகிவிடும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பேசும் பழக்கம் பழையது. ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906-லேயே, கேடு விளைவிக்கும் தூண்டலை நரம்பு கண்டறிவதற்கு 'நோசிசெப்ஷன்' என்று தனிப் பெயர் வைத்தார். நான் அதை 'ஊறு உணர்தல்' என்று எழுதப்போகிறேன். 'வலி' என்று எழுதினால் மனிதர்கள் வாய்விட்டுச் சொல்லக்கூடிய அந்த அனுபவத்தைக் குறிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் தலைப்புகளில் இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் பாதிக் குழப்பம்.

புழு பேசாது, அழாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

நடத்தையை வைத்துத்தான். ஈயின் புழுவை மெல்லிய முடியால் வருடினால் தயங்கி நிற்கும், அல்லது திசை மாறி ஊர்ந்து போகும். சூடாக்கிய முனையால் பக்கவாட்டில் தொட்டால் கதையே வேறு. உடம்பை வளைத்து, திருகாணி சுழல்வது போலப் பக்கவாட்டில் உருளும். சாதாரணமாக ஊரும்போது புழு இப்படி ஒருபோதும் செய்வதில்லை. அதனால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

தொட்ட கணத்திலிருந்து உருளத் தொடங்கும் வரை எத்தனை விநாடி என்று அளப்பார்கள். சுமார் 46 டிகிரி முனைக்கு நல்ல புழு ஒரு விநாடிக்குள் உருண்டுவிடும். மரபணு மாறிய புழு தாமதித்தால் அந்தத் தாமதம்தான் தடயம். குத்துவதைச் சோதிக்க, குறிப்பிட்ட விசையில் வளையும் நைலான் இழையால் அழுத்துவார்கள். எளிய கருவிகள்தான், ஆனால் கை நடுங்காமல் செய்யப் பழக்கம் வேண்டும்.

காட்டுல யார் ஊசியைக் காய்ச்சிப் புழுவைத் தொடப் போறாங்க? அந்த உருளல் எதுக்கு?

சரியான கேள்வி. விடை ஒரு குளவி. லெப்டோபிலினா என்ற பேரினத்தைச் சேர்ந்த சிறு குளவிகள், முட்டையிடும் ஊசி போன்ற உறுப்பால் ஈப் புழுவின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். குளவிக்குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். புழுவுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. துளைபடும் நேரத்தில் புழு உருண்டால் குளவி தூக்கியெறியப்படலாம், அல்லது அந்த ஊசி உறுப்பு புழுவைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளலாம்.

2007-இல் டேனியல் டிரேசியின் குழு ஒரு விசித்திரத்தைக் கவனித்தது. எந்தப் பக்கம் தொடுகிறோமோ அந்தப் பக்கம் நோக்கியே புழு உருளுகிறது. விலகி ஓடுவதுதானே முறை என்று தோன்றும். ஊசி ஏற்கெனவே உடம்பில் இறங்கியிருக்கும்போது குளவியின் பக்கம் உருண்டால்தான் அதைப் பிடுங்கியெறிய வழி. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்தப் புழுக்கள் மேல் தனி மரியாதை.

வலிக்கான மரபணுவைக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு படிச்சேன். அப்படி ஒண்ணு இருக்கா?

நீங்கள் படித்தது அநேகமாக 'பெயின்லெஸ்' மரபணுவைப் பற்றி இருக்கும். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் டிரேசியும் கூட்டாளிகளும் 2003-இல் வெளியிட்டது. இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்றைச் செருகி, ஆங்காங்கே ஏதோ ஒரு மரபணு கெட்டுப்போன சுமார் 1,500 ஈ வம்சங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றின் புழுக்களையும் சூடான முனையால் தொட்டுப் பார்த்தார்கள். தாமதமாக உருண்ட வம்சங்களைத் தேடிப் போனபோது இந்த மரபணு அகப்பட்டது. அது உருவாக்கும் புரதம் நரம்பு செல்லின் சவ்வில் இருக்கும் ஓர் அயனி வாய்க்கால், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள் போய்வரும் துளை. டிஆர்பி என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆனால் 'வலிக்கான மரபணு' என்ற சொற்றொடரை நான் தவிர்க்கிறேன். ஃபியூஸ் போனால் மின்விசிறி நின்றுவிடும், அதற்காகக் காற்று ஃபியூஸில் இருந்து வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. பெயின்லெஸ் இல்லாவிட்டால் உருளல் தாமதமாகிறது என்றால், தூண்டலுக்கும் உருளலுக்கும் இடையிலான வழியில் அதற்கு அவசியமான ஓர் இடம் இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான்.

அந்தப் புழு வெறுமனே மந்தமா இருக்கலாமே? உணர்வு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?

இதைக் கேட்பவர்கள் ஆய்வாளராகப் போகலாம். தாமதத்துக்கு மூன்று காரணம் இருக்கலாம்: உணரவில்லை, உணர்ந்தும் செய்தி போகவில்லை, செய்தி போயும் தசை வேலை செய்யவில்லை. பெயின்லெஸ் புழுக்கள் மென்மையான வருடலுக்கு வழக்கம்போல எதிர்வினை காட்டின. இன்னும் கடுமையான சூட்டில் தொட்டபோது உருளவும் செய்தன. தசையும் உருளும் திறனும் இருந்தன, சூட்டை உணரத் தொடங்கும் வரம்புதான் உயர்ந்திருந்தது என்று அதிலிருந்து முடிவுக்கு வரலாம்.

எந்த நரம்பு இதைச் செய்யுதுன்னு எப்படித் தெரியும்?

புழுவின் தோலுக்கு அடியில் கிளைவிட்டுப் பரவும் உணர் நரம்பு செல்கள் நான்கு வகை. அவற்றில் நான்காம் வகைதான் ஊறு உணர்பவை. ஒவ்வொரு உடற்கண்டத்திலும் பக்கத்துக்கு மூன்று. மூன்றும் சேர்ந்து தோலின் பரப்பை ஏறக்குறைய இடைவெளி விடாமல் மூடிவிடும், ஆனால் ஒன்றின் கிளைகள் இன்னொன்றின் மேல் படராது. நுண்ணோக்கியில் பார்த்தால் அசந்துபோவீர்கள்.

இந்தச் செல்களை மட்டும் குறிவைக்க உதவுவது 1993-இல் ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமனும் அறிமுகப்படுத்திய கேல்4 முறை. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு மரபணுவைக் குறிப்பிட்ட செல்களில் மட்டும் இயங்க வைத்தால், அது நாம் விரும்பும் இன்னொரு மரபணுவை அங்கே மட்டும் இயக்கும். டிரேசி குழு இரண்டு பக்கமும் சோதித்தது. நான்காம் வகைச் செல்களின் வாயை அடைத்தால் சூட்டுக்குப் புழு சரியாக உருளவில்லை. அதே செல்களில் ஒளிக்குத் திறக்கும் பாசிப் புரதம் ஒன்றை வைத்து நீல ஒளி பாய்ச்சினால், சூடும் இல்லை குத்தும் இல்லை, ஆனாலும் புழு உருண்டது. அந்தப் புரதம் இயங்க உணவில் ரெட்டினல் என்ற பொருள் வேண்டும். ரெட்டினல் இல்லாத உணவு தின்ற புழுக்கள் அதே ஒளியில் உருளவில்லை. வெளிச்சத்துக்குப் பயந்து உருண்டிருக்கலாமே என்ற சந்தேகத்துக்கு அதுவே பதில்.

சூடு, குத்து, குளிர் எல்லாத்துக்கும் ஒரே மரபணுதானா?

இல்லை, இங்கேதான் விஷயம் சுவையாகிறது. சூட்டுக்குப் பெயின்லெஸ் தவிர, அதே குடும்பத்து டிஆர்பிஏ1 வாய்க்காலும் தேவை. குத்துக்கு 'பிக்பாக்கெட்' என்ற வேறு குடும்பத்து வாய்க்கால் வேண்டும். அது இல்லாத புழு குத்தலுக்குச் சரியாக உருளாது, சூட்டுக்கு உருளும். 2012-இல் ஆர்டெம் பட்டபூட்டியனின் குழு 'பியெசோ' என்ற வாய்க்காலும் குத்தை உணரத் தேவை என்று காட்டியது. பியெசோவையும் பிக்பாக்கெட்டையும் ஒருசேரக் குறைத்தால் எதிர்வினை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இரண்டும் தனித்தனி வழிகள் என்று தெரிகிறது. பாலூட்டிகளில் பியெசோவைக் கண்டுபிடித்தவரும் பட்டபூட்டியன்தான். தொடுகையும் வெப்பமும் உணரப்படும் விதத்துக்காக 2021 நோபல் பரிசை டேவிட் ஜூலியஸுடன் பகிர்ந்துகொண்டார்.

குளிர் இன்னும் வேறு. கடுங்குளிர் முனையால் தொட்டால் புழு உருளாது, தலையும் வாலும் உள்ளிழுத்துச் சுருங்கிக்கொள்ளும். அதற்கு மூன்றாம் வகை நரம்புகள்தான் முக்கியம். மூன்று ஊறுக்கும் ஒரே உடம்பில் இத்தனை தனித்தனி ஏற்பாடுகள் இருக்கும்போது, ஒற்றை 'வலி மரபணு' என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

மிளகாய்ப்பொடி தூவினா ஈ ஓடுமா?

ஓடாது. மிளகாயின் காரம் கேப்சைசின். அது நம் நாக்கில் டிஆர்பிவி1 என்ற வாய்க்காலைத் திறக்கிறது. ஈயிடம் அதற்கு இணையாகக் கேப்சைசினை உணரும் வாய்க்கால் இல்லை. 2006-இல் கிறிஸ்டின் ஸ்காட்டின் ஆய்வகம் பாலூட்டியின் கேப்சைசின் வாய்க்காலை ஈயின் இனிப்புச் சுவைச் செல்களில் வைத்தது. அந்த ஈக்கள் கேப்சைசினைத் தேடித் தேடித் தின்றன. அதையே கசப்புச் செல்களில் வைத்தபோது ஒதுக்கின. பொருளில் 'கெட்டது' என்று எதுவும் எழுதியில்லை, எந்த நரம்பு எழுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

கடுகு விஷயம் நேர்மாறு. நசுக்கிய கடுகிலும் வசாபியிலும் உள்ள ஐசோதயோசயனேட்டை ஈ வெறுக்கிறது. அதற்கு டிஆர்பிஏ1 தேவை, பெயின்லெஸும் தேவை. நமக்கும் கடுகுக் காரம் மூக்கில் ஏறுவது டிஆர்பிஏ1 வழியாகத்தான்.

புழுவை விடுங்க. வளர்ந்த ஈயை எப்படிச் சோதிக்கிறாங்க?

வளர்ந்த ஈ உருளாது, விலகிப் பறக்கும் அல்லது நடந்துபோகும். 2010-இல் வியன்னாவில் ஜோசப் பென்னிங்கரின் ஆய்வகத்திலிருந்து கிரெக் நீலியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு இதில் பெரியது. ஒரு சிறு கிண்ணத்தின் அடிப்பகுதியை 46 டிகிரிக்குச் சூடாக்கி, ஈக்களை இருட்டில் உள்ளே விட்டார்கள். நல்ல ஈக்கள் சூடான பரப்பைத் தவிர்த்து மேலே தங்கின. தவிர்க்காதவை சூட்டில் விழுந்துவிட்டன. ஆர்என்ஏ குறுக்கீடு என்ற, மரபணுவின் செய்தியை வழியிலேயே அழிக்கும் முறையால் ஈயின் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை நரம்பு செல்களில் ஒவ்வொன்றாக அடக்கி இப்படிச் சோதித்தபோது நூற்றுக்கணக்கான பெயர்கள் கிடைத்தன.

அதில் ஒன்று 'ஸ்ட்ரெய்ட்ஜாக்கெட்'. கால்சியம் வாய்க்காலின் துணைப்பகுதி ஒன்றை உருவாக்கும் மரபணு. இதன் எலி வடிவத்தை நீக்கினால் எலிகளின் சூட்டு வலி குறைகிறது. மூளையைப் படமெடுத்தபோது, சூட்டுச் செய்தி வலிக்குரிய மேல்பகுதிகளுக்குச் சரியாகப் போகாமல் பார்வை, கேட்டல், வாசனைப் பகுதிகளை எழுப்பியது. மனிதர்களில் இதே மரபணுவின் சில வடிவங்களை உடையவர்களுக்குச் சூட்டு வலியும், முதுகுத்தண்டு அறுவைக்குப் பிந்திய நாள்பட்ட வலியும் குறைவாக இருந்தன. நரம்பு வலிக்கு மருத்துவர்கள் எழுதும் கபாபென்டின் ஒட்டிக்கொள்வது இதன் நெருங்கிய உறவுப் புரதத்தில்தான்.

அப்போ ஈயில பார்த்ததெல்லாம் மனுஷனுக்கு அப்படியே பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. மேலே சொன்னது நன்றாகப் பொருந்திய ஓர் உதாரணம். பொருந்தியும் பொருந்தாமலும் இருக்கும் ஒன்றையும் பார்க்கலாம். ஈயின் 'பேரா' மரபணு சோடியம் வாய்க்காலை உருவாக்குகிறது. நரம்பில் மின்துடிப்பு ஓட அது கட்டாயம். பேரா பழுதான ஒரு வம்சம் அறை வெப்பத்தில் நன்றாகத் திரியும், சூடேறினால் கால் மடங்கி விழும், குளிர்ந்ததும் எழுந்துகொள்ளும். இவ்வகை ஈக்களின் நரம்பில் என்ன கெட்டிருக்கிறது என்று 1976-இல் காட்டியவர்கள் பென்சரும், பின்னாளில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவிய ஒபைத் சித்திக்கியும்.

ஈக்கு இந்தவகை மரபணு ஒன்றே ஒன்று. அது முழுதாகப் போனால் ஈ பிழைக்காது. மனிதருக்கு இதற்கு உறவான ஒன்பது வாய்க்கால்கள் உண்டு. அவற்றில் ஒன்றான எஸ்சிஎன்9ஏ மட்டும் செயலிழந்தால் ஆள் உயிரோடு இருப்பார், வலி மட்டும் தெரியாது. 2006-இல் வடக்குப் பாகிஸ்தானின் சில குடும்பங்களில் இது கண்டறியப்பட்டது. அந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்த சிறுவன் தெருவில் தணலில் நடந்தும் கையில் கத்தி செருகியும் வித்தை காட்டியவன். பதினான்கு வயதை ஒட்டி, கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். வலி தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

எல்லாம் பிறவியிலேயே வர்றதா? ஈ பட்டுத் திருந்தாதா?

நன்றாகவே திருந்தும். 1974-இல் பென்சரின் ஆய்வகம், ஒரு வாசனையோடு மின் அதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுத்தால் ஈக்கள் பிறகு அந்த வாசனையைத் தவிர்க்கின்றன என்று காட்டியது. அடுத்து வந்தது 'டன்ஸ்' என்ற மரபணு மாறிய வம்சம். அந்த ஈக்கள் அதிர்ச்சி பட்டால் ஒதுங்கும், வாசனையையும் முகரும், இரண்டையும் சேர்த்து நினைவில் வைக்க மட்டும் முடியாது. ஊறு உணர்வதும் அதிலிருந்து பாடம் படிப்பதும் வேறு வேறு மரபணுக்களின் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

2004-இல் வந்த இன்னொரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. வாசனையை அதிர்ச்சிக்கு முன்னால் கொடுக்காமல், அதிர்ச்சி முடிந்த பிறகு கொடுத்தார்கள். ஈக்கள் அந்த வாசனையை நாடிப் போயின.

காயம் பட்ட இடத்தைத் தொட்டாலே நமக்கு எரியுமே, ஈக்கும் அப்படி உண்டா?

உண்டு. புழுவின் தோலைப் புற ஊதாக் கதிரால் காயப்படுத்தினால், வழக்கமாகப் பொருட்படுத்தாத இளஞ்சூட்டுக்கும் மறுநாள் உருளும். 2009-இல் மைக்கேல் கால்கோவின் குழு காரணத்தைக் காட்டியது. காயம்பட்ட தோல் செல்களிலிருந்து வரும் 'ஐகர்' என்ற புரதம் அருகிலுள்ள ஊறு உணர் நரம்புகளைக் கூர்மையாக்குகிறது. மனிதர்களில் அழற்சியை ஏற்படுத்தும் டிஎன்எஃப் புரதத்தின் ஈ வடிவம் அது.

ஆறிய பிறகும் தொடரும் நிலையும் இருக்கிறது. 2019-இல் நீலியின் சிட்னி ஆய்வகம், ஒரு காலை இழந்த ஈக்கள் காயம் ஆறிய பின்னும் நீண்டநாள் சூட்டுக்கு மிகையாகத் துள்ளுவதைக் காட்டியது. ஈயின் உடலில் நம் தண்டுவடம் போன்ற பகுதியில், செய்தியை அடக்கிவைக்கும் காபா நரம்புகளின் பிடி தளர்ந்திருந்தது.

எல்லாம் சரி, இதெல்லாம் வெறும் அனிச்சைதானே? சும்மா இயந்திரம் மாதிரி?

உருளலை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் 2015-இல் வந்த ஆய்வொன்றில், ஊறு நரம்புகளைத் தூண்டும்போது அதிர்வையும் சேர்த்துக் கொடுத்தால் புழு உருளும் வாய்ப்புக் கூடியது. அதிர்வுச் செய்தியும் ஊறுச் செய்தியும் நரம்பு மண்டலத்தில் பல மட்டங்களில் கலக்கின்றன. வளர்ந்த ஈக்களில் இன்னும் ஒரு படி மேலே: மதுவோடு சேர்த்துப் பழக்கிய வாசனையை அடைய, மின் அதிர்ச்சி தரும் கம்பிவலையையும் கடந்து போகின்றன என்று 2011-இல் உல்ரிக் ஹெபர்லைனின் ஆய்வகம் காட்டியது. வேண்டியது கிடைக்கும் என்றால் ஈ ஊறைப் பொறுத்துக்கொள்கிறது. வெறும் அனிச்சை என்றால் இப்படி விட்டுக்கொடுக்காது.

இதனால் வேதனை நிரூபணமாகிவிட்டதா என்றால், இரண்டாம் கேள்வியில் சொன்ன எல்லையை இன்னும் தாண்டவில்லை. ஆனால் 'இயந்திரம்' என்று கைகழுவுவதும் இப்போது சுலபமில்லை என்பது என் கருத்து.

அப்படின்னா ஈக்குச் சூடு வைக்கிறது பாவமில்லையா? சட்டம் எதுவும் இல்லையா?

சட்டங்கள் பெரும்பாலும் முதுகெலும்புள்ளவற்றோடு நிற்கின்றன. பிரிட்டனின் 2022 விலங்கு உணர்வுச் சட்டம் ஆக்டோபஸ், கணவாய், நண்டு, இறால் வரை வந்தது, பூச்சிகளைச் சேர்க்கவில்லை. ஆய்வகத்தில் என் எதிர்பார்ப்பு எளியது: தேவைக்கு மேல் ஈக்களை எடுக்கக்கூடாது, தொடும் நேரத்தைக் குறைக்க வேண்டும், மயக்கிச் செய்ய முடிந்ததை மயக்கிச் செய்ய வேண்டும். ஓர் எலியைக் காப்பாற்ற ஆயிரம் ஈக்களைப் பயன்படுத்துவது சரியா என்று கேட்டால், நான் சரி என்பேன். மறுப்பவர்களின் வாதமும் மட்டமானதல்ல.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைச் செஞ்சு காட்டலாமா?

சூட்டு முனை வேண்டாம். பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்வார்கள், வெப்பநிலையும் சீராக நிற்காது. பதிலாக ஒளியைத் தவிர்ப்பதைக் காட்டுங்கள். வாய் அகன்ற பாட்டிலில் கனிந்த வாழைப்பழம் போட்டுத் திறந்து வைத்தால் ஈக்கள் வந்து முட்டையிடும். பிறகு பஞ்சால் மூடிவிடுங்கள். சில நாளில் புழுக்கள் தெரியும். தட்டில் ஈரமான கறுப்புத் தாளை விரித்து, பாதியை அட்டையால் மூடி, மீதியில் டார்ச் அடியுங்கள். புழுக்கள் இருட்டுப் பக்கம் ஊர்ந்து போகும். பலமான ஒளியை உணர்வதில் நான்காம் வகைச் செல்களுக்கே பங்கு உண்டு என்று 2010-இல் தெரியவந்ததால், பேசவும் விஷயம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பழத்துக்குள் தின்றுகொண்டிருக்கும் புழுக்களையே எடுங்கள். பாட்டில் சுவரில் ஏறத் தொடங்கியவை கூட்டுப்புழுவாகத் தயாராகின்றன, அவற்றுக்கு ஒளி மேல் அத்தனை வெறுப்பு இருக்காது. நடுவர் முன்னால் சோதனை சொதப்புவது பெரும்பாலும் இதனால்தான்.